டிஸ்க் மறுபடியும் விலகிவிட்டதா? திரும்பத் திரும்ப வரும் முதுகுவலிக்குப் பின்னால் நடப்பது என்ன

முதல் முறை முதுகு பிடித்துக்கொண்டபோது எம்ஆர்ஐ எடுத்தார்கள். 'எல்4-எல்5 டிஸ்க் பிதுக்கம், நரம்பு வேரைத் தொடுகிறது' என்று அறிக்கை வந்தது (எல்4, எல்5 என்பவை இடுப்பின் நான்காவது, ஐந்தாவது எலும்புகள்). இரண்டு மாதத்துக்குள் வலி விட்டது. ஒரு வருடம் கழித்து, கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தபோது அதே இடத்தில் மறுபடியும் சுரீர் என்றது. அந்த நொடியில் யாருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: டிஸ்க் மறுபடியும் விலகிவிட்டது.

சில நேரம் அது உண்மைதான். பல நேரம் அது அவசரப்பட்டு எடுத்த முடிவு. அந்த முடிவு வெறும் பயத்தோடு நின்றுவிட்டால் பரவாயில்லை. இன்னொரு ஸ்கேன், ஒரு வாரப் படுக்கை, நாள் முழுக்க பெல்ட், 'இனிமேல் எதையுமே தூக்கக் கூடாது' என்ற சபதம் என்று அது நீண்டுகொண்டே போகிறது. வலி திரும்புவதும் டிஸ்க் திரும்பப் பிதுங்குவதும் வேறு வேறு விஷயங்கள். எது எப்போது நடக்கிறது என்று பிரித்துப் பார்க்க, டிஸ்க் என்ற உறுப்பின் அமைப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

விலகுவது என்ற சொல்லே தவறு

முதுகெலும்பில் தனித்தனியாக அசையும் எலும்புகள் 24. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5. கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவே மட்டும் டிஸ்க் கிடையாது. மற்ற எல்லா ஜோடிக்கும் நடுவே ஒன்று, கடைசி இடுப்பெலும்புக்கும் அதன் கீழுள்ள திரிக எலும்புக்கும் நடுவே ஒன்று, ஆக மொத்தம் 23 டிஸ்க்குகள்.

ஒவ்வொரு டிஸ்க்கின் நடுவிலும் களி போன்ற ஒரு கரு இருக்கிறது. இளவயதில் அதில் ஏறக்குறைய 80 சதவீதம் தண்ணீர்தான். அதைச் சுற்றி, வெங்காயத்தை உரித்தால் தெரிவது போல, 15 முதல் 25 அடுக்கு நார் வளையங்கள். ஒரு அடுக்கின் நார்கள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அடுத்த அடுக்கின் நார்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். இதுதான் அதன் வலிமை. மேலும் கீழும் மெல்லிய குருத்தெலும்புத் தகடு வழியாக டிஸ்க் எலும்போடு இறுகப் பிணைந்திருக்கிறது. ஆகவே ஈரக்கையில் சோப்புக்கட்டி வழுக்குவது போல அது வழுக்கி வெளியே வர வழியே இல்லை. நடப்பது பிதுக்கமும் கிழிசலும்தான். அறிக்கைகளில் வரும் பெயர்களைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்:

1. புடைப்பு: டிஸ்க்கின் விளிம்பு பரவலாக உப்பியிருக்கிறது. காற்று குறைந்த டயர் தரையில் பிதுங்கி நிற்பது போல.
2. பிதுக்கம்: நார் வளையத்தின் ஒரு பகுதி பலவீனப்பட்டு, கரு அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு வருகிறது. அடிப்பகுதி அகலம், முனை சிறியது.
3. வெளியேற்றம்: வளையம் கிழிந்து, கரு வெளியே வழிந்துவிட்டது. ஆனால் தாய் டிஸ்க்கோடு தொடர்பு அறவில்லை.
4. துண்டாதல்: வழிந்த பகுதி தனியே பிரிந்து தண்டுவடக் கால்வாய்க்குள் கிடக்கிறது.

வரிசையைப் பார்த்தால் நான்காவதுதான் மோசம் என்று தோன்றும். தானாகச் சரியாகும் வாய்ப்பை வைத்துப் பார்த்தால் கதை தலைகீழ். அதற்கு வருவோம்.

'விலகல்' என்ற சொல்லால் இன்னொரு தொல்லையும் உண்டு. விலகியதை உள்ளே தள்ளிவிடலாம் என்ற நம்பிக்கையை அது வளர்க்கிறது. எடை கட்டி இழுக்கும் சிகிச்சை பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது பெரிதாகப் பலன் எதுவும் தெரியவில்லை. முதுகில் ஏறி மிதித்து உள்ளே தள்ளுவதாகச் சொல்பவர்களிடம் போகவே வேண்டாம்.

முதுகில் கோளாறு, காலில் ஏன் வலி?

டிஸ்க்குக்குப் பின்பக்கம்தான் நரம்பு வேர்கள், அதாவது காலுக்குப் போகும் நரம்புகளின் தொடக்கப் பகுதிகள், இறங்குகின்றன. 1934இல் பாஸ்டனைச் சேர்ந்த வில்லியம் மிக்ஸ்டர், ஜோசப் பார் என்ற இரு மருத்துவர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதுவரை குருத்தெலும்புக் கட்டி என்று நினைத்து அறுத்தெடுக்கப்பட்டு வந்தவற்றில் பல, உண்மையில் கிழிந்த டிஸ்க்கின் துண்டுகள் என்றும், சயாட்டிகா எனப்படும் கால் வலிக்கு அவை காரணம் என்றும் காட்டினார்கள். அன்றிலிருந்து 'டிஸ்க் நரம்பை அழுத்துகிறது' என்ற சித்திரம் எல்லார் மனதிலும் பதிந்துவிட்டது.

அது பாதி உண்மை. 1993இல் சுவீடன் ஆய்வாளர்கள் பன்றிகளின் நரம்பு வேரில், எந்த அழுத்தமும் தராமல், டிஸ்க்கின் கருப் பொருளை மட்டும் வைத்துப் பார்த்தார்கள். நரம்பின் வேலை குறைந்தது. டிஸ்க்கின் கருவுக்கு ரத்த ஓட்டம் கிடையாது, அதனால் நோயெதிர்ப்பு மண்டலத்துக்கு அது பழக்கமில்லாத பொருள். வெளியே வந்ததும் அந்நியனைக் கண்டது போல உடல் அதைத் தாக்குகிறது. அந்தத் தாக்குதலில் எழும் அழற்சி, நரம்பைப் புண்ணாக்குகிறது.

இடுப்பு டிஸ்க் பிதுக்கங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் கடைசி இரண்டு இடங்களில்தான் நடக்கின்றன: எல்4-எல்5, எல்5-எஸ்1 (எஸ்1 என்பது திரிக எலும்பின் மேல்பகுதி). எந்த வேர் பாதிக்கப்பட்டது என்பதைக் காலே சொல்லும். எல்5 வேர் என்றால் வலி கெண்டைக்காலின் வெளிப்பக்கம் இறங்கிப் பாதத்தின் மேல்புறம் வரை போகும். கட்டைவிரலை மேல்நோக்கித் தூக்குவதில் பலம் குறையும். எஸ்1 என்றால் கெண்டைக்காலின் பின்பக்கம், பாதத்தின் வெளி விளிம்பு, சுண்டுவிரல். நுனிக்காலில் நிற்க முடியாமல் தடுமாறும்.

முதுகு மட்டும் வலித்து, முழங்காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை என்றால், நரம்பு வேர் இதில் இல்லை என்றே பெரும்பாலும் கொள்ளலாம். 'மறுபடியும் விலகிவிட்டதா' என்ற கேள்விக்கு முதல் பதில் ஸ்கேனில் அல்ல, காலில் கிடைக்கும்.

ஸ்கேன் எதைக் காட்டுகிறது?

1994இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்தார்கள். 52 சதவீதம் பேருக்கு ஓரிடத்திலாவது டிஸ்க் புடைப்பு, 27 சதவீதம் பேருக்குப் பிதுக்கம். எல்லா டிஸ்க்கும் சரியாக இருந்தவர்கள் 36 சதவீதம்தான். 2015இல் வலியில்லாத 3,110 பேரின் முடிவுகளைத் தொகுத்தபோது, 20 வயதினரிலேயே 30 சதவீதம் பேருக்குப் புடைப்பு இருந்தது. 80 வயதினரில் 84 சதவீதம். நரை விழுவது போல டிஸ்க்கிலும் வயது தெரிகிறது. நரைத்த முடிக்கு யாரும் 'முடி நோய்' என்று அறிக்கை எழுதுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

எனவே, வலி திரும்பி வந்த நாளில் ஸ்கேன் எடுத்தால் பிதுக்கம் தெரியத்தான் செய்யும். அது போன வருடமும் இருந்திருக்கலாம், வலியே இல்லாத நடு மாதங்களிலும் இருந்திருக்கலாம்.

இதற்கு நேர்மாறானதும் நடக்கிறது. வெளியே வந்த கருவை உடல் மெல்ல மெல்லத் தின்றுவிடுகிறது. அறுவை சிகிச்சை இல்லாமல் தொடர்ந்து ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளை 2015இல் தொகுத்தார்கள். துண்டாகிக் கிடந்தவற்றில் 96 சதவீதம் சுருங்கியிருந்தன. வெளியேற்றத்தில் 70 சதவீதம், பிதுக்கத்தில் 41, வெறும் புடைப்பில் 13. வெளியே எவ்வளவு தூரம் வந்திருக்கிறதோ அவ்வளவு எளிதாக உடலின் துப்புரவு அணுக்கள் அதை எட்டிவிடுகின்றன. நரம்பைப் புண்ணாக்கிய அதே அழற்சிதான் இங்கே துப்புரவு வேலையும் பார்க்கிறது. அறிக்கையில் 'பெரிய துண்டு' என்று படித்துவிட்டு நடுங்குபவர்கள் இந்த எண்களை ஒருமுறை பார்க்க வேண்டும்.

அப்படியானால் வலி ஏன் திரும்புகிறது?

முதுகுவலி ஒரு தடவை வந்து போனவர்களுக்குத் திரும்புவது விதிவிலக்கு அல்ல. ஆஸ்திரேலியாவில் சமீபத்தில் குணமான 250 பேரை ஒரு வருடம் தொடர்ந்து பார்த்தபோது 69 சதவீதம் பேருக்குத் திரும்பவும் வலி வந்தது. இதற்கு ஒரே காரணம் என்று எதையும் சொல்ல முடியாது. பலவும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன.

1. கிழிசல் மெதுவாகத்தான் ஆறும். டிஸ்க்கின் உள்பகுதிக்கு ரத்த நாளங்கள் இல்லை. மேலும் கீழும் உள்ள தகடுகள் வழியாகக் கசிந்து வருவதுதான் அதற்கு உணவு. தோலில் பட்ட காயம் இரண்டு வாரத்தில் மூடிக்கொள்ளும். நார் வளையத்தின் காயத்துக்குப் பல மாதங்கள் வேண்டும், அப்போதும் கிடைப்பது பழைய அடுக்கு நெசவு அல்ல, தழும்பு. புகைபிடிப்பவர்களுக்கு இந்தக் கசிவு ஊட்டமும் குறைகிறது. நரம்பு முனைகள் வளையத்தின் வெளி அடுக்குகளில்தான் இருக்கின்றன. அங்கே ஒரு சின்னக் கிழிசல் போதும், எதுவும் வெளியே பிதுங்காமலேயே முதுகு பிடித்துக்கொள்ளும்.

2. தசை தூங்கிவிடுகிறது. முதுகெலும்புகளை ஒட்டியே ஓடும் ஆழமான சிறு தசைகள், வலி வந்த சில நாட்களிலேயே அந்த இடத்தில் சுருங்கத் தொடங்குகின்றன. 1996இல் வெளியான ஆய்வில், முதல் முறை முதுகுவலி வந்தவர்களுக்கு வலி முழுக்கப் போன பிறகும் பத்து வாரம் கழித்து அந்தத் தசை பழைய அளவுக்கு வரவில்லை. குறிப்பிட்ட பயிற்சி செய்தவர்களுக்கு மட்டும் மீண்டது. வலி போனதையே குணமானதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்வதில் உள்ள சிக்கல் இதுதான். முதுகு இன்னும் தயாராகவில்லை, ஆனால் நாம் பழைய வேகத்துக்குத் திரும்பிவிடுகிறோம்.

3. நரம்பு மண்டலத்துக்கு ஞாபகம் அதிகம். பல வாரம் வலித்த இடத்தில் எச்சரிக்கை மணியின் விசை நுணுக்கமாகிவிடுகிறது. முன்பு பொருட்படுத்தாத ஒரு சின்ன இழுப்பு இப்போது வலியாகப் பதிவாகிறது. தூக்கம் கெட்ட வாரத்தில், மன அழுத்தம் கூடிய மாதத்தில் வலி எட்டிப்பார்ப்பது இதனால்தான். வலி கற்பனை என்று இதற்கு அர்த்தமில்லை. வலி நிஜம், புதிய சேதம்தான் நடந்திருக்க வேண்டியதில்லை.

4. பயம். குனிந்தால் வந்துவிடுமோ என்று முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டு நடப்பவரின் தசைகள் நாள் முழுக்க இறுகியே இருக்கின்றன. அசைவு குறைகிறது, பலம் குறைகிறது, கடைசியில் ஒரு பேனாவை எடுப்பதே பெரிய சுமையாகிறது. பேனா ஒரு சாக்குதான்.

5. பரம்பரை. பின்லாந்தில் இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள், டிஸ்க் தேய்மானத்தில் வாழ்நாள் உழைப்பின் சுமையைவிடக் குடும்பக் கூறுக்கே பங்கு அதிகம் என்று காட்டின. 'நான் என்ன தப்பு செய்தேன்' என்று கேட்டுக்கொள்பவர்களுக்கு இது கொஞ்சம் ஆறுதல்.

பிடித்துக்கொண்ட முதல் சில நாட்கள்

முதலில் ஆபத்தை விலக்க வேண்டும். கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. இரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்:

1. சிறுநீர் முட்டியும் போக முடியாமை, அல்லது போவதே உணர்வில் தெரியாமை. மலத்தை அடக்க முடியாமை.
2. சைக்கிள் சீட்டில் படும் இடம் (பிறப்புறுப்பு, ஆசனவாய், தொடையின் உள்பக்கம்) மரத்துப்போதல்.
3. இரு காலிலும் பலவீனம், அல்லது ஒரு காலின் பலம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவது.

தண்டுவடத்தின் கீழே கற்றையாக இறங்கும் நரம்புகள் மொத்தமாக நசுங்கும்போது வரும் அறிகுறிகள் இவை. இது அரிது. ஆனால் ஒன்றிரண்டு நாள் தாமதம்கூட நிரந்தரப் பாதிப்பில் முடியலாம். காய்ச்சலோடு வரும் முதுகுவலி, காரணமில்லாமல் எடை குறைதல், முன்பு புற்றுநோய் வந்திருத்தல், விழுந்தபின் வரும் வலி ஆகியவற்றையும் மருத்துவரிடம் சீக்கிரம் காட்ட வேண்டும்.

இவை எதுவும் இல்லையென்றால், சரி, என்ன செய்வது? படுத்தே கிடப்பது பழைய வைத்தியம். 1986இல் இரண்டு நாள் படுக்கையையும் ஏழு நாள் படுக்கையையும் ஒப்பிட்டார்கள். குணமாவதில் வித்தியாசம் இல்லை, வேலைக்குப் போகாத நாட்கள்தான் கூடின. 1999இல் நெதர்லாந்தில் சயாட்டிகா உள்ளவர்களையே வைத்துப் பார்த்தபோதும் படுக்கை ஓய்வால் கூடுதல் நன்மை இல்லை. கடும் வலியில் ஒருநாள் படுத்துவிட்டுப் போகட்டும். மறுநாள் வீட்டுக்குள்ளாவது நடக்கத் தொடங்க வேண்டும்.

மாத்திரைகளில் அதிசயம் எதுவும் இல்லை. முதுகுவலிக்குப் பாராசிட்டமால் வெற்று மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை என்று 2014இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. நரம்பு வலிக்கென்று தாராளமாக எழுதப்படும் ப்ரீகாபலின், 2017 ஆய்வில் சயாட்டிகா வலியைக் குறைக்கவில்லை, தலைசுற்றலைத்தான் கூட்டியது. இபுப்ரோஃபென் போன்ற அழற்சி எதிர்ப்பு மாத்திரைகள் ஓரளவு உதவும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

வலி எந்தத் திசையில் நகர்கிறது என்று கவனிப்பது, இந்த நாட்களில் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை. இதற்கு ஒரு கதை உண்டு. 1956இல் நியூசிலாந்தில் ராபின் மெக்கென்சி என்ற இயன்முறை மருத்துவரிடம் கால் வலியோடு வந்த ஒருவர், தலைப்பக்கம் உயர்த்தி வைக்கப்பட்டிருந்த மேசையில் தவறுதலாகக் குப்புறப் படுத்துவிட்டார். முதுகு பின்னோக்கி வளைந்தபடி அவர் கிடந்ததைப் பார்த்து மெக்கென்சி பதறினார். அவரோ, 'காலில் இருந்த வலி போய்விட்டது' என்றார். அங்கிருந்து பிறந்த விதி எளிமையானது: ஓர் அசைவைச் செய்யும்போது காலில் உள்ள வலி மேலேறி இடுப்புக்குச் சுருங்கினால் அது நல்ல அறிகுறி, இடுப்பில் சற்றுக் கூடினாலும் கூட. இடுப்பிலிருந்து வலி காலுக்கு இறங்கினால் அந்த அசைவு இப்போதைக்கு வேண்டாம். எல்லோருக்கும் பின்னோக்கி வளைவது ஒத்துவராது. தன் முதுகுக்கு எந்தப் பக்கம் ஒத்துவருகிறது என்று, இந்த முறை தெரிந்த இயன்முறை மருத்துவரோடு ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

வலியில்லாத மாதங்களில்

பெரும்பாலோர் கோட்டைவிடுவது இங்கேதான். வலிக்கும்போது பத்து பயிற்சி செய்பவர்கள், வலி போனதும் ஒன்றுகூடச் செய்வதில்லை.

2024இல் ஆஸ்திரேலியாவில் 701 பேரை வைத்து ஓர் ஆய்வு வெளியானது. எல்லாரும் அப்போதுதான் முதுகுவலியிலிருந்து மீண்டவர்கள். பாதிப் பேருக்குச் சொல்லப்பட்டது நடைதான்: மெல்ல மெல்லக் கூட்டி, வாரம் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம் வரை. கூடவே இயன்முறை மருத்துவரின் சில அமர்வுகள். வலி திரும்பும்வரை அவர்களுக்குக் கிடைத்த இடைவெளியின் நடுமதிப்பு 208 நாள். மற்றவர்களுக்கு 112 நாள். நரம்பு அழுத்தம் உள்ளவர்களுக்கென்று தனியாக நடந்த ஆய்வு அல்ல இது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் இவ்வளவு மலிவாக, இவ்வளவு குறைந்த அபாயத்தில் வேறொரு சிகிச்சையைக் காட்டுவது கடினம்.

அடுத்தது காலை நேரம். இரவில் படுத்திருக்கும்போது டிஸ்க் தண்ணீரை உறிஞ்சி உப்புகிறது. பகலில் நம் உயரம் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் குறைவதும் இரவில் அது திரும்புவதும் இதனால்தான். 1999இல் ஜெர்மனியில் ஒரு தன்னார்வலரின் டிஸ்க்குக்குள் அழுத்தமானி வைத்து ஒரு நாள் முழுக்க அளந்தார்கள். படுத்தபோது 0.1 மெகாபாஸ்கலாக இருந்த அழுத்தம், ஏழு மணி நேரத் தூக்கத்தில் 0.24ஆக ஏறியது. உப்பிய டிஸ்க்கை எழுந்தவுடன் குனிந்து வளைத்தால் நார் வளையத்தில் இழுவை அதிகம். எழுந்த முதல் ஒன்றிரண்டு மணி நேரம் முழுக்கக் குனிவதைத் தவிர்த்தவர்களுக்கு வலி நாட்கள் குறைந்ததாக 1998 ஆய்வு ஒன்று சொல்கிறது. காலையில் எழுந்ததும் கால்விரலைத் தொடும் பயிற்சி செய்பவர்கள் அதை மாலைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

அதே அளவீட்டில் இன்னும் சில எண்கள்: நிற்கும்போது 0.5, முதுகு சாயாமல் உட்காரும்போது 0.46. உட்கார்வது நிற்பதைவிட மோசம் என்று பல காலம் சொல்லப்பட்டு வந்ததற்கு இது பொருந்தவில்லை. 20 கிலோ எடையை முதுகை வளைத்துத் தூக்கியபோது 2.3, முழங்காலை மடக்கித் தூக்கியபோது 1.7, அதே எடையை உடம்போடு அணைத்து நின்றபோது 1.1. ஒரே ஒரு மனிதரின் முதுகு என்றாலும், முதுகை வளைத்துத் தூக்கும்போது உள்ள பாரம், எடையை உடம்போடு ஒட்டிப் பிடித்து நிற்கும்போது ஏறக்குறையப் பாதியாகிறது என்ற கணக்கு நினைவில் வைக்கத் தக்கது. உட்கார்வதைப் பொறுத்தவரை எந்தக் கோணத்தில் உட்கார்கிறோம் என்பதைவிட எவ்வளவு நேரம் அசையாமல் உட்கார்கிறோம் என்பதே பெரிய விஷயம்.

பெல்ட்டைப் பற்றி ஒரு வரி: கடும் வலியில் ஓரிரு நாள் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், மாதக்கணக்கில் போட்டுக்கொண்டால் தசை செய்ய வேண்டிய வேலையை அது பறித்துவிடும்.

அறுவை சிகிச்சை எப்போது?

அவசர அறிகுறிகள் இருந்தால் கேள்வியே இல்லை. மற்றபடி ஆறு வாரத்துக்கு மேலாகியும் தாங்க முடியாத கால் வலி, ஸ்கேனில் தெரியும் இடமும் காலில் தெரியும் அறிகுறியும் பொருந்துவது, இந்த இரண்டும் சேர்ந்தால் யோசிக்கலாம். முதுகில் மட்டும் வலி உள்ளவர்களுக்குப் பிதுக்கத்தை அகற்றுவதால் கிடைக்கும் பலன் குறைவு.

2007இல் நெதர்லாந்தில் கடும் சயாட்டிகா உள்ள 283 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு உடனே அறுவை சிகிச்சை. மறு பகுதி காத்திருந்தது, தேவைப்பட்டால் மட்டும் பின்னர். உடனே செய்துகொண்டவர்களுக்கு வலி வேகமாகக் குறைந்தது. ஒரு வருட முடிவில் இரு பகுதியிலும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் அந்த வருடத்துக்குள் அறுவை சிகிச்சைக்குப் போனார்கள். ஆக, நரம்பு பலவீனம் இல்லாதவரை இது பெரும்பாலும் வேகத்தைப் பற்றிய தேர்வு. வேலைக்குச் சீக்கிரம் திரும்ப வேண்டிய ஒருவரும், மயக்க மருந்துக்கு அஞ்சும் இன்னொருவரும் வேறு வேறு முடிவு எடுத்தால் இரண்டுமே சரிதான்.

அறுவை சிகிச்சையில் எடுப்பது டிஸ்க் முழுவதையும் அல்ல, வெளியே வந்த துண்டையும் தளர்ந்து கிடப்பதையும்தான். மிச்சம் இருக்கும் கரு அதே ஓட்டை வழியாகத் திரும்ப வர முடியும். சுமார் 5 முதல் 15 சதவீதம் பேருக்கு அப்படி நடக்கிறது. 'மறுபடியும் விலகிவிட்டதா' என்ற கேள்வியை உடனே ஸ்கேனிடம் கேட்க வேண்டியவர்கள் இவர்கள்தான்: அறுவை சிகிச்சைக்குப் பின் நன்றாக இருந்து, அதே காலில் அதே வலி திரும்பியவர்கள். அப்போதும் சாதாரண எம்ஆர்ஐயில் பழைய தழும்பும் புதிய பிதுக்கமும் ஒன்று போலவே தெரியலாம். ரத்த நாளத்தில் காடோலினியம் மருந்து செலுத்தி எடுத்தால் தழும்பு பளிச்சென்று தெரியும், புதிதாகப் பிதுங்கிய துண்டு மங்கலாகவே நிற்கும். முன்பு அறுவை சிகிச்சை நடந்ததையும், சிறுநீரகக் கோளாறு இருந்தால் அதையும் ஸ்கேனுக்குப் படுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.